நட்பும் நாவும்



விடியற்காலையில் லயத்து வாசலில் இருவர் எதிர்ப்படுகின்றனர். "பசியாறிவிட்டீர்களா?" என்று ஒருவர் வினவுகின்றார். "ஆயிற்று; நீங்கள்?" என்று மற்றவர் விடை தருகின்றார். பின்னர் இருவரும் வேலைக்காட்டை நோக்கித் தத்தம் வழியே நடக்கின்றனர். வினவியவருக்கு மற்றவர் என்ன உண்டார், எவ்வளவு உண்டார் என்னும் கணக்குத் தேவையில்லை. உண்ணவில்லை என்று கூறியிருந்தாலும் அந்நேரத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துத் தந்திருக்கப் போவதில்லை. அவ்வாறாயின் அவ்வினா எதற்கு? நம் நாட்டு மலாய்க்காரர்களும் "சூடா மாக்கான்?" என்றே ஒருவரையொருவர் நலம் விசாரிக்கின்றனர். சீனரிடத்திலும் உண்டாயிற்றா என்று கேட்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மூவினத்தாரும் ஒரே வினாவைக் கேட்கின்றனர் என்றால் அதில் பொருள் இல்லாமல் இராது.

அப்பொருள் இதுதான்: "உன்னை நான் மறக்கவில்லை, நீ என் கண்ணில் படுகின்றாய்." இதனைச் சொல்வதற்கே அவ்வினா பிறக்கின்றது. போலந்துக்காரரான மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர், நியூகினிக்கு அருகிலுள்ள தீவுகளில் அம்மக்களோடு தங்கி வாழ்ந்து அவர்களின் பேச்சை ஆராய்ந்தவர். செய்தியைத் தெரிவிப்பதற்காக அன்றி, உறவைப் பிணைப்பதற்காகவே மனிதர் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று அவர் 1923-ஆம் ஆண்டு எழுதினார். ராபின் டன்பார் என்னும் ஆங்கில அறிஞர் 1996-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இன்னொரு கருத்தைக் கூறினார். குரங்குகள் ஒன்றன் மயிரை ஒன்று கோதிப் பேன் பார்ப்பதை நம் தோட்டப் பிள்ளைகள் அனைவரும் கண்டிருப்பர். அச்செயலால் அவற்றின் கூட்டம் பிரியாமல் நிலைபெறுகின்றது. கூட்டம் பெருகிய காலத்தில் மனிதன் அவ்வேலையைப் பேச்சிடம் ஒப்படைத்தான் என்பது அவருடைய கருத்து. ஆதலின் நண்பர் இருவர் அமர்ந்து பேசுவது வீண் பொழுதுபோக்கு என்று கருதுவது பொருந்தாது. நட்பு என்னும் செடிக்கு நாள்தோறும் ஊற்றும் நீர் அப்பேச்சேயாகும்.

நன்னீர் ஊற்றினால் செடி தழைக்கும். வெந்நீர் ஊற்றினால் கருகும். எனவே நண்பரோடு எவ்வாறு பேசுவது என்பதை நாம் கற்றுக்கொள்ளவே வேண்டும்.

தோட்டம் கற்பித்த பேச்சு

முற்காலத்தில் இதனைத் தனியே கற்பிக்க வேண்டிய தேவை எழவில்லை. பால்மரத் தோட்டங்களில் வாழ்க்கையே பேச்சுப் பள்ளியாக இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் கூடினர். நண்பகலில் பால் நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்றனர். மாலையில் குழாயடியிலும் கோயில் வாசலிலும் திடலிலும் சந்தித்தனர். ஒரு லயத்தில் எழும் குரல் அடுத்த வீட்டிற்குக் கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பள்ளி ஆசிரியரிடமோ கிராணியாரிடமோ சென்று தமிழகத்து உறவினருக்குக் கடிதம் எழுதி வாங்குவர். அவ்வாறு வரி வரியாகச் சொல்லும்போதே அவருடைய மனச்சுமை பாதி குறைந்துவிடும்.

பேச்சினால் பெருஞ்செயல்களும் நடந்துள்ளன. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-ஆம் ஆண்டு, வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் துன் விருது பெற்ற அப்பெருந்தகை, தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களோடு நேரில் பேசினார். அவர் சென்ற பின்னர் லயங்களில் நண்பர் நண்பரோடு அதனைப் பற்றிப் பேசினர். சிறு தொகையாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கும் ஆற்றல் உழைப்பாளிகளுக்கு உண்டாயிற்று. நம்பிக்கை என்பது முகம் பார்த்துப் பேசும் பேச்சில் வளரும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அந்நிலை இன்று மாறிவிட்டது. 1980-களிலும் 1990-களிலும் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம் கொடுத்தன. குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தன. குடும்பங்கள் சென்றபின் தோட்டத்துப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை சுருங்கியது. 150-க்கும் குறைவான மாணவரைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகின்றது. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. சில பள்ளிகளில் ஒரு வகுப்பிற்கு ஐந்தாறு பேரே உள்ளனர்.

இதில் மாணவர்களுக்கு ஒரு பேறும் உண்டு. ஓர் இடரும் உண்டு. ஒருவரையொருவர் உடன்பிறந்தார் போல் அறிந்துகொள்ளலாம் என்பது பேறு. ஐந்து பேர் உள்ள வகுப்பில் இருவர் பேச்சை முறித்துக்கொண்டால், அவர்களுக்கு வேறு நண்பரைத் தேடிச் செல்ல வழியில்லை என்பது இடர். ஆறு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும் தனிமையில் வாடும் பிள்ளை உண்டு. ஆதலால் நட்பைத் தொடங்கத் தெரிந்தால் மட்டும் போதாது. முறிந்த பேச்சை மீண்டும் ஒட்டவைக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

உரையாடல் நடைபெறும் விதம்

உரையாடல் என்பது பந்து விளையாட்டைப் போன்றது. ஒருவர் எறிய மற்றவர் பிடிக்க வேண்டும். பிடித்தவர் மீண்டும் எறிய வேண்டும். பந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்பவரோடு எவரும் நெடுநேரம் விளையாடார்.

இம்மாற்றம் எவ்வளவு விரைவாக நடைபெறுகின்றது என்பது வியப்பிற்குரியது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 10 மொழிகளில் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2009-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒருவர் வினவி முடித்ததற்கும் மற்றவர் விடை தொடங்குவதற்கும் இடையே பெரும்பாலும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே கழிகின்றது என்று அது காட்டிற்று. கண் இமைக்கும் நேரம் அது! அச்சிறு நேரத்திற்குள் மறுமொழி வருவதால், நம் சொல்லை நண்பர் ஏற்றாரா, வருந்தினாரா என்பது உடனே புலப்பட்டுவிடும். புருவம் நெரிந்தால் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அப்போதே திருத்திக்கொள்கின்றோம். நேர்ப்பேச்சின் பெருஞ்சிறப்பு இதுவே.

இதில் பேசுதல் பாதி, கேட்டல் மறுபாதி. நண்பன் பேசும்போது அவன் முகத்தை நோக்குதல், இடைமறியாதிருத்தல், அவன் சொன்னதை ஒட்டி ஒரு வினா எழுப்புதல் ஆகிய மூன்றும் நல்ல கேட்டலின் இலக்கணமாகும். "என் பூனை இறந்துவிட்டது" என்று ஒருத்தி சொல்கின்றாள். "எங்கள் வீட்டில் நான்கு பூனைகள் உள்ளன" என்று தோழி உடனே கூறினால், அவள் கேட்கவில்லை. தன் முறைக்குக் காத்திருந்தாள். "அதற்கு என்ன ஆயிற்று? நீ மிகவும் அழுதாயா?" என்று வினவினால் அவளே தோழி.

கைப்பேசிப் பேச்சு

இன்றைய பிள்ளைகளின் உரையாடலில் பெரும்பங்கு திறன்பேசியிலும் புலனத்திலும் நடைபெறுகின்றது. அக்கருவியை முற்றிலும் பழிப்பது முறையன்று. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்களும் நட்பும் அக்கருவி வழியாகவே உயிர்பெற்றிருந்தன. தந்தையின் கைப்பேசி ஒன்றைப் பிள்ளைகள் மூவர் பங்கிட்டுக்கொண்ட வீடுகளும் இருந்தன. அந்நன்றியை மறத்தல் கூடாது.

ஆயினும் அதன் குறையையும் அறிந்துகொள்ளல் வேண்டும். "சரி" என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். மகிழ்ச்சியோடு சொல்லலாம், சலிப்போடு சொல்லலாம், சினத்தோடு சொல்லலாம், அழுகையை அடக்கிக்கொண்டும் சொல்லலாம். நேரில் கேட்பவருக்குக் குரலும் முகமும் அதனைக் காட்டிக்கொடுக்கும். கைப்பேசித் திரையில் நான்கு "சரி"யும் ஒன்றுபோலவே தோன்றும். படிப்பவர் தம் மனநிலைக்கு ஏற்றவாறு அதற்குக் குரல் கொடுத்துக்கொள்கின்றார். அவர் மனம் வாடியிருந்தால் அன்போடு எழுதிய சொல்லும் வசையாகவே ஒலிக்கும்.

மற்றொரு குறை மௌனத்தைப் பற்றியது. ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் விடை பெற்றுப் பழகிய மனித மனம், ஒரு மணிநேரம் விடை வராவிட்டால் தானே ஒரு விடையைக் கற்பித்துக்கொள்ளும். புலனத்தில் செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் இரண்டு நீலக் குறிகள் 2014-ஆம் ஆண்டு அறிமுகமாயின. "நீலக் குறி விழுந்தும் அவள் விடை எழுதவில்லை, என்னை வெறுக்கின்றாள்" என்று ஒரு மாணவி முடிவு கட்டிவிடுகின்றாள். உண்மையில் என்ன நடந்திருக்கும்? தாயார் கைப்பேசியைத் திரும்ப வாங்கியிருப்பார். அல்லது தம்பியைக் குளிப்பாட்ட அழைத்திருப்பார். மறுநாள் வகுப்பில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கின்றாள். மற்றவளுக்குக் காரணமே விளங்குவதில்லை. இத்தகைய பிணக்குகளை ஆசிரியர்கள் இன்று அடிக்கடி கண்டு வருகின்றனர்.

மாணவர்களே, நான்கு நெறிகளை மனத்தில் கொள்ளுங்கள். சினம் தணியும் வரை எதனையும் எழுதி அனுப்பாதீர்கள். எழுத்தால் மனம் புண்பட்டால், எழுத்தால் சண்டையிடாமல் மறுநாள் நேரில் சென்று "நீ எழுதியதன் பொருள் என்ன?" என்று அமைதியாகக் கேளுங்கள். பலர் கூடியுள்ள குழுவில் ஒருவரை நகையாடாதீர்கள். வகுப்பில் நகைத்தால் மணி அடித்ததும் முடிந்துவிடும், குழுவில் எழுதியது நள்ளிரவிலும் அவரைச் சுட்டுக்கொண்டேயிருக்கும். முகமறியாத ஒருவர் கைப்பேசியில் இனிக்க இனிக்கப் பேசுவதனால் அவர் நண்பராகிவிடார். அத்தகையோரைப் பற்றி அன்றே பெற்றோரிடம் தெரிவியுங்கள்.

"வில்லிலிருந்து விடுபட்ட அம்பும் வாயிலிருந்து விழுந்த சொல்லும் திரும்பா" என்பது நம் முன்னோர் வாக்கு. படகு அளவு கடந்து சென்றால் பின்வாங்கலாம், சொல் அளவு கடந்தால் கேடே விளையும் என்று மலாய்ப் பழமொழியும் எச்சரிக்கின்றது.

காக்கத்தக்க மறைபொருளும் காக்கத்தகாததும்

திருவள்ளுவர் தம் 133 அதிகாரங்களுள் 79 முதல் 83 வரையுள்ள ஐந்தனை நட்பிற்கென்றே ஒதுக்கினார். அவற்றுள் நட்பின் பெருமையைச் சொன்ன அளவில் நின்றுவிடாமல், நண்பரை ஆராய்ந்து தேர்தல், தீய நட்பை விலக்குதல் ஆகியவற்றையும் விளக்கினார். இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை என நாவிற்கும் தனித்தனியே அதிகாரங்கள் வகுத்தார். நாவைக் காவாதவனிடம் நட்பு நிலைக்காது என்பதை அப்பெருமான் நன்கு அறிந்திருந்தார்.

நட்பைக் கெடுக்கும் சொற்களுள் கொடியது புறங்கூறுதல். இன்று உங்களிடம் மற்றவரைப் பற்றிக் குறைகூறும் நண்பன், நாளை மற்றவரிடம் உங்களைப் பற்றியும் கூறுவான். அடுத்துக் கொடியது, நம்பிச் சொன்னதை வெளியிடுதல். நண்பன் தன் வீட்டு வறுமையையோ, இரவில் தான் அஞ்சுவதையோ, தேர்வில் பெற்ற குறைந்த புள்ளியையோ உங்களிடம் கூறினால் அது உங்களிடம் ஒப்படைத்த பொருள். அதனைப் பிறருக்கு எடுத்து வழங்க உங்களுக்கு உரிமையில்லை.

ஆனால் ஒரு வகை மறைபொருள் உண்டு. அதனைக் காத்தல் நட்பாகாது. நண்பனை எவரேனும் அடித்துத் துன்புறுத்துகின்றனர் என்றாலும், பெரியவர் ஒருவர் தகாத முறையில் தொடுகின்றார் என்றாலும், பணம் கேட்டு மிரட்டுகின்றனர் என்றாலும், நண்பன் தன் உயிருக்கே தீங்கு செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாலும், "எவரிடமும் சொல்லாதே" என்று அவன் ஆயிரம் முறை வேண்டினும் நீங்கள் வாய் திறக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் தோள் அச்சுமையைத் தாங்காது. "உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், ஆனால் இதனை ஆசிரியரிடம் சொல்லியே தீரவேண்டும். நானும் உன்னோடு வருகின்றேன்" என்று கூறி அவன் கையைப் பற்றி அழைத்து வாருங்கள். முதலில் கேட்ட பெரியவர் நம்பாவிட்டால் இன்னொரு பெரியவரிடம் சொல்லுங்கள். அரசாங்கத்தின் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999 இதற்கென்றே உள்ளது. அதனைப் பெற்றோரும் மனத்தில் குறித்து வைத்தல் நலம். துன்பத்தில் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் முதலில் வாய் திறப்பது நண்பனிடத்திலேயே. அந்நண்பன் என்ன செய்கின்றான் என்பதில் ஓர் உயிரே அடங்கியிருக்கலாம்.

பிற இனத்து நண்பரோடு பேசுதல்

ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே மலாய், சீன மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்கின்றனர். தமிழில் அருவிபோல் பேசும் பிள்ளை அங்கே ஊமைபோல் இருந்துவிடுவதுண்டு. பிழை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். பிழையோடு பேசத் தொடங்குபவனே பிழையின்றிப் பேசக் கற்பான்.

சில மரபுகளை முன்னரே அறிந்து செல்லுதல் நன்று. தமிழில் 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் வேறுபாடு இருப்பதுபோல் மலாயிலும் உண்டு. 'ஆக்கு', 'காவ்' என்பன மிக நெருங்கிய நண்பரிடையே வழங்குவன. புதியவரிடமும் பெரியவரிடமும் 'சாயா' என்றே தம்மைக் குறித்தல் வேண்டும். ஆசிரியரைச் 'சிக்கு' என்றும், வயதில் மூத்தோரைப் 'பாக் சிக்', 'மாக் சிக்' என்றும் அழைத்தல் பண்பாகும். ஒருவரை ஆட்காட்டி விரலால் சுட்டுவதை மலாய்ப் பண்பாடு விரும்புவதில்லை. கட்டைவிரலால் சுட்டுதலே பணிவு. 1970-ஆம் ஆண்டு பறைசாற்றப்பெற்ற ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் வலியுறுத்துகின்றது. அக்கோட்பாடு சபைகூடலில் ஒப்புவிப்பதோடு முடிந்துவிடாது. சிற்றுண்டிச் சாலையில் நண்பரோடு பேசும் பேச்சிலேயே அது உயிர்பெறும்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பெற்றோர்களே, செம்பனைக் குலை வெட்டியும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தும் உடல் சோர்ந்து வீடு திரும்புகின்றீர்கள். அந்நேரத்தில் நெடும்பேச்சிற்கு உங்களுக்கு ஆற்றல் இராது. ஆயினும் உணவு உண்ணும் வேளையிலாவது கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கி வையுங்கள். "எத்தனை புள்ளி?" என்னும் வினாவோடு நிறுத்தாதீர்கள். "இன்று யாரோடு விளையாடினாய்? எதற்காகச் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். பிள்ளை பல நாளாக எவர் பெயரையும் சொல்லாதிருந்தால் அதனையும் கவனியுங்கள். அன்றே வகுப்பாசிரியரை வந்து காணுங்கள்.

வீட்டிற்கு நண்பன் வந்தால் அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சாதி என்று ஆராயாதீர்கள். அவன் பேசும் பேச்சு எத்தகையது, உங்கள் பிள்ளையை அவன் எவ்வாறு நடத்துகின்றான் என்று ஆராயுங்கள். பெரியோர்கள் அண்டை வீட்டாரோடு பேசும் முறையையே பிள்ளைகள் வகுப்பறைக்குக் கொண்டுவருகின்றனர். குழாயடிச் சண்டையில் வீசிய சொல், மறுநாள் இரண்டாம் ஆண்டு மாணவனின் வாயிலிருந்து வருவதை ஆசிரியர்கள் கேட்கின்றனர்.

மாணவச் செல்வங்களே, இவ்வாண்டுடன் உங்களுள் சிலர் இப்பள்ளியை விட்டுச் செல்கின்றீர்கள். ஆறு ஆண்டுகள் ஒன்றாக அமர்ந்திருந்தவர்கள் வெவ்வேறு பள்ளிக்கும் ஊருக்கும் பிரிகின்றீர்கள். பிரிவதற்குமுன் ஒரு கடமை உங்களுக்கு உண்டு. எவரோடேனும் பேச்சை முறித்துக்கொண்டிருந்தால், யார் பக்கம் தவறு என்று கணக்குப் பார்க்காமல், நீங்களே முதலில் சென்று அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன்பே அதனைச் செய்யுங்கள்.

வாழ்க நட்பு! வளர்க நற்சொல்!